பளபளப்பு சொல்லும் பொய்... பதம் பார்க்கும் ஸ்பிரிட் துடைப்பு!

பழைய டிராக்டர் வாங்கப் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. காலை 10 மணிக்குக் களத்துமேட்டில் வண்டி நிற்கும். பானட், மட்கார்டு, டூல் பாக்ஸ் எல்லாம் முகம் பார்க்கும் அளவுக்கு மின்னும். “எட்டு வருஷ வண்டின்னு யாராச்சும் சொல்வாங்களாண்ணே? நேத்து ஷோரூம்ல இருந்து இறக்குன மாதிரி இருக்கு பாருங்க” என்பார் தரகர். வாங்க வந்தவரும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, மனம் நிறைந்து, அட்வான்ஸை எண்ணிக் கொடுத்துவிடுவார். அடுத்த மாதம் நாலு தடவை தண்ணீர் அடித்துக் கழுவி, நாலு நாள் வெயிலில் நிறுத்தியதும் அதே பானட்டில் வலை பின்னியதுபோலக் கீறல்கள் எழும்பி நிற்கும். சில இடங்களில் வேறு சாயலில் அடித்த பெயின்ட்டும் தெரியும்.

வண்டியை விற்றவர் அந்தக் கீறல்களை நீக்கியிருக்கவில்லை. எண்ணெய் பூசி மறைத்திருந்தார், அவ்வளவுதான்.

நெல் வயலில் தண்ணீரை நிறையக் கட்டினால் சின்னக் களை கண்ணுக்குத் தெரியாது. களை போய்விட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தண்ணீரை வடித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். வாகனத்துக்கு பாலிஷ் போட்ட பிறகு தண்ணீர் கலந்த ஸ்பிரிட்டால் துடைத்துப் பார்ப்பதும் அப்படி ஒரு ‘வடித்துப் பார்க்கும்’ வேலைதான். கார் பாலிஷ் போடும் கடைகளில் இதை ‘ஐ.பி.ஏ. துடைப்பு’ என்று சொல்கிறார்கள். ஐ.பி.ஏ. என்பது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். ஊசி போடும் முன்பு நர்ஸ் பஞ்சில் நனைத்துத் தடவுகிற ஸ்பிரிட் வகைகளில் இதுவும் ஒன்று.

சின்ன வேலைதான். ஆனால், சரியாகச் செய்தால் பல ஆயிரம் ரூபாய் ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம். தவறாகச் செய்தால் பெயின்ட் கெடும். அலட்சியமாக இருந்தால் தீப்பிடிக்கும். பாட்டில் குழந்தை கையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. அதனால், இதை முழுசாகத் தெரிந்துகொள்வது நல்லது.

பாலிஷுக்குள் என்ன இருக்கிறது?

இன்றைய கார்களின் தகட்டின் மேல் மூன்று அடுக்குகள் இருக்கும். முதலில் துரு பிடிக்காமல் காக்கும் பிரைமர். அதன் மேல் நிறம். அதற்கும் மேல் கண்ணாடி போன்ற ‘கிளியர் கோட்’. இந்தக் கிளியர் கோட்டின் கனம் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான்தான். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர். அப்படியென்றால், நாளிதழ் தாளைவிட மெல்லிய ஒரு படலம்தான் வெயிலையும் மழையையும் தாங்கிக்கொண்டிருக்கிறது.

பழைய டிராக்டர்கள், டிரெய்லர்கள், மறுபடி பெயின்ட் அடித்த வண்டிகள் பலவற்றில் இந்தக் கிளியர் கோட் இருக்காது. நிறமும் மினுமினுப்பும் ஒரே பூச்சில் இருக்கும். இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

பாலிஷ் அல்லது ரப்பிங் காம்பவுண்டில் இரண்டு முக்கியமான பொருள்கள் உண்டு. ஒன்று, மிக நைசான அரைக்கும் துகள். இதுதான் பெயின்ட்டின் மேல்தோலை இம்மி அளவு தேய்த்து, கீறலின் விளிம்புகளைச் சமப்படுத்துகிறது. இரண்டாவது, அந்தத் துகள் சூடேறாமல் வழுக்கி ஓட உதவும் எண்ணெய். சில பாலிஷ்களில் இவற்றோடு மெழுகு, சிலிகான், கீறலை அடைக்கும் பொருள்களும் சேர்ந்திருக்கும்.

சிக்கல் இந்த எண்ணெயில்தான் தொடங்குகிறது. ஆற்றில் கிடக்கும் கூழாங்கல்லைப் பாருங்கள். தண்ணீருக்குள் இருக்கும்போது பளபளவென்று இருக்கும். எடுத்துக் காயவைத்தால் மங்கிவிடும். கல் மாறவில்லை. அதன் மேல் இருந்த நுண்ணிய பள்ளங்களைத் தண்ணீர் நிரப்பியிருந்தது. அதனால் ஒளி சிதறாமல் நேராகத் திரும்பியது. பாலிஷ் எண்ணெயும் கீறல்களுக்குள் போய் உட்கார்ந்து இதே வேலையைத்தான் செய்கிறது. கீறல் அப்படியே இருக்கும். கண்ணுக்கு மட்டும் தெரியாது. சில தடவை கழுவி, வெயில் பட்டதும் எண்ணெய் போய்விடும், கீறல் திரும்பி வரும்.

ஸ்பிரிட் கலவையால் துடைக்கும்போது, அந்த எண்ணெயின் பெரும்பகுதி துணியோடு வந்துவிடுகிறது. மிச்சம் இருப்பதுதான் பெயின்ட்டின் உண்மையான நிலை.

எப்போது தேவை... எப்போது தேவையில்லை?

பாலிஷ் போட்ட ஒவ்வொரு வண்டிக்கும் இது கட்டாயம் இல்லை. நான்கு சந்தர்ப்பங்களில்தான் உண்மையான பலன் உண்டு.

முதலாவது, பாலிஷ் வேலையைச் சோதிக்க. கடைக்காரர் “கீறல் எல்லாம் போயிடுச்சு” என்று சொல்லும்போது, பணம் கொடுப்பதற்கு முன்பாக ஒரு சாண் இடத்தில் துடைத்துக் காட்டச் சொல்லலாம். வேலை தெரிந்தவர் தயங்க மாட்டார். கீறல் திரும்பத் தெரிந்தால், அது அரைத்து எடுக்கப்படவில்லை என்று அர்த்தம். இது ஏன் முக்கியம் என்றால், மெஷின் வைத்து பாலிஷ் போடும் ஒவ்வொரு தடவையும் கிளியர் கோட் கொஞ்சம் தேய்கிறது. ‘பளபளப்பு போய்விட்டது’ என்று வருடத்துக்கு இரண்டு முறை தேய்த்துக்கொண்டே இருந்தால், ஒருநாள் கிளியர் கோட் தீர்ந்துவிடும். பிறகு பாலிஷால் பலன் இல்லை, பெயின்ட்தான் அடிக்க வேண்டும்.

இரண்டாவது, பாலிஷுக்கு மேல் சீலன்ட், செராமிக் கோட்டிங் போன்ற பாதுகாப்புப் பூச்சு போடுவதற்கு முன்பு. சேப்பங்கிழங்கு இலையில் மருந்து அடித்தால் முத்து முத்தாக உருண்டு ஓடுவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதனால்தான் ஒட்டும் திரவம் சேர்த்துத் தெளிக்கிறோம். இந்தப் பூச்சுகளும் எண்ணெய் படிந்த பெயின்ட்டில் சரியாகப் பிடிக்காது. எண்ணெயை எடுக்காமல் பூசினால், செலவழித்த பணம் நாலு மழையோடு போய்விடும்.

மூன்றாவது, டிரெய்லரில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு முன்பு. இதற்கு பாலிஷோடு சம்பந்தம் இல்லை. ஆனாலும், விவசாயிகளுக்கு மிகவும் பயன்படுகிற இடம் இதுதான். விவரம் பின்னால் இருக்கிறது.

நான்காவது, பழைய வண்டி வாங்கும்போது பார்ப்பதற்கு.

சாதாரண மெழுகு பாலிஷ் மட்டும் போட்டு, நல்ல நாளுக்கு வண்டி மின்னினால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இந்தத் துடைப்பு தேவையே இல்லை. அந்த மெழுகிலேயே எண்ணெய் இருக்கிறது. ஆயுத பூஜைக்கு முதல் நாள் இதைச் செய்து, இருக்கிற பளபளப்பையும் இழந்து நிற்க வேண்டியதில்லை.

கலவை: இங்கேதான் கவனம்!

பூச்சிமருந்தை ‘கொஞ்சம் கூடுதலாக ஊற்றினால் நன்றாகக் கேட்கும்’ என்று நினைப்பது எவ்வளவு தவறோ, ஸ்பிரிட்டிலும் அதே கதைதான். நீர் கலக்காமல் அப்படியே துடைத்தால் பெயின்ட் இளகலாம், வீங்கலாம், மங்கலாம். தவிர, வேகமாக ஆவியாகிவிடுவதால் எண்ணெயைக் கரைத்து எடுக்க நேரமே கிடைக்காது. கோடுகோடாகத் திட்டு நிற்கும். துணியும் வழுக்காமல் பிடித்து இழுத்து, புதுக் கீறலைப் போட்டுவிடும்.

கார் பெயின்ட்டுக்கு 10 முதல் 15 சதவிகிதம் வரை ஸ்பிரிட் இருக்கும் கலவை போதும். கடையில் ஐ.பி.ஏ. இரண்டு வலிமைகளில் கிடைக்கும். எது கையில் இருக்கிறது என்று லேபிளைப் பார்த்துத்தான் கலக்க வேண்டும்.

99 சதவிகித ஐ.பி.ஏ. என்றால், 75 மி.லி. ஸ்பிரிட்டுக்கு 425 மி.லி. தண்ணீர்.

70 சதவிகித ஐ.பி.ஏ. என்றால், 100 மி.லி. ஸ்பிரிட்டுக்கு 400 மி.லி. தண்ணீர்.

இரண்டிலுமே அரை லிட்டர் கலவை கிடைக்கும். சுமார் 14, 15 சதவிகித வலிமை இருக்கும். ஒரு காருக்கு இது தாராளம்.

தண்ணீர் விஷயத்திலும் கவனம் வேண்டும். போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். ஸ்பிரிட் ஆவியானதும் வெள்ளைப் புள்ளிகள் நிற்கும். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர்தான் சரி. பெட்ரோல் பங்கிலும், பேட்டரி கடையிலும் கிடைக்கும். ‘பேட்டரி தண்ணி’ என்று மட்டும் கேட்டு வாங்கி வராதீர்கள். சில இடங்களில் பேட்டரி ஆசிட்டும் பக்கத்திலேயே இருக்கும். லேபிளில் டிஸ்டில்டு வாட்டர் என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

ஐ.பி.ஏ., கெமிக்கல் கடைகளிலும், செல்போன் சர்வீஸ் பொருள்கள் விற்கும் கடைகளிலும் கிடைக்கும். பெயின்ட் கடைகளில் இதே வேலைக்கென்று தயாரித்த ‘பேனல் வைப்’ விற்கிறார்கள். கலக்கும் வேலை வேண்டாம் என்பவர்கள் அதை வாங்கலாம். பிசுபிசுப்பான பாலிஷ் எண்ணெயை எடுப்பதில், வீட்டில் கலக்கும் ஸ்பிரிட்டைவிட அது நன்றாகவே வேலை செய்யும்.

துடைக்கும் முறை

1. முதலில் வண்டியை நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவி, காயவிடுங்கள். உழவு வண்டியில் படிந்திருப்பது வெறும் தூசி இல்லை, மணல். அதன் மேல் துணியை வைத்துத் தேய்த்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்ததற்குச் சமம்.

2. நிழலில், காற்றோட்டமான இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். இன்ஜினும் பானட்டும் ஆறியிருக்க வேண்டும். காலை வேளை நல்லது. வெயிலில் சுட்ட தகட்டில் தெளித்தால், துணி படுவதற்குள் கலவை காய்ந்துவிடும்.

3. கண்ணில் படாத ஒரு மூலையில் சோதித்துப் பாருங்கள். துணியில் வண்டியின் நிறம் ஏறினாலோ, துடைத்த இடம் பிசுபிசுத்தாலோ, மங்கினாலோ உடனே நிறுத்திவிடுங்கள். அது கிளியர் கோட் இல்லாத பெயின்ட்டாகவோ, இன்னும் முழுசாக இறுகாத பெயின்ட்டாகவோ இருக்கலாம்.

4. ஒரு நேரத்தில் இரண்டடிக்கு இரண்டடி இடம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கலவையைத் துணியிலும், லேசாகத் தகட்டிலும் தெளித்து, அழுத்தாமல் ஒரே திசையில் துடையுங்கள். உடனே, காய்ந்த இரண்டாவது துணியால் ஒற்றி எடுங்கள்.

5. மைக்ரோஃபைபர் துணிதான் ஏற்றது. மெக்கானிக் கடையில் கை துடைக்கும் பனியன் வேஸ்ட் வேண்டாம். அதில் இருக்கும் தையல் முடிச்சும், ஒட்டியிருக்கும் இரும்புத் தூளும் கோடு போட்டுவிடும். துணியை நான்காக மடித்தால், முன்னும் பின்னுமாக எட்டுப் பக்கம் கிடைக்கும். ஒரு பக்கம் அழுக்கானதும் அடுத்த பக்கத்துக்கு மாறுங்கள். கீழே விழுந்த துணியை அலசாமல் மறுபடி பயன்படுத்த வேண்டாம்.

6. துடைத்த இடத்தை இருட்டான ஷெட்டில் செல்போன் டார்ச் அடித்து, சாய்வாகப் பாருங்கள். விளக்கைச் சுற்றிச் சிலந்தி வலைபோலக் கோடுகள் தெரிந்தால் கீறல் இன்னும் இருக்கிறது. திட்டுத்திட்டாக இருந்தால் எண்ணெய் மிச்சம் இருக்கிறது. இன்னொரு முறை துடைக்கலாம்.

எண்ணெய் போன பெயின்ட் பாதுகாப்பு எதுவும் இல்லாத வெறும் பெயின்ட். துடைத்த அன்றைக்கே மெழுகோ, சீலன்ட்டோ போட்டுவிடுவது நல்லது.

பழைய வண்டி வாங்கப் போகிறீர்களா?

மழை பெய்யும்போதும், விளக்கு வெளிச்சத்திலும், ‘இப்பத்தான் வாட்டர் சர்வீஸ் பண்ணினோம்’ என்று ஈரம் சொட்டச் சொட்டக் காட்டும்போதும் வண்டியை முடிவு செய்யாதீர்கள். எண்ணெயைப்போலத் தண்ணீரும் கீறலை மறைக்கும். காய்ந்த வண்டியை, பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

கையில் ஒரு சின்னத் தெளிப்பான், இரண்டு துணி இருந்தால் போதும். விற்பவரிடம் கேட்டுவிட்டு, அவர் கண் முன்னாலேயே பானட்டிலும் மட்கார்டிலும் உள்ளங்கை அளவு துடைத்துப் பாருங்கள். அடுத்தவர் வண்டி என்பதால், சொல்லாமல் துடைக்கக் கூடாது. “ஒரு ஓரத்துல துடைச்சுப் பாத்துக்கிறேண்ணே” என்று கேட்பதில் தப்பில்லை. மறைக்க எதுவும் இல்லாதவர், “தாராளமா பாருங்க” என்பார்.

துடைத்ததும் கீறல் தெரிந்தால் வண்டி மோசம் என்று அர்த்தமில்லை. வயலில் உழைத்த வண்டியில் கீறல் இருக்கத்தான் செய்யும். கீறல் விழுந்த பானட் உழவைக் கெடுக்காது. ஆனால், ‘புது வண்டி மாதிரி’ என்று சொல்லிக் கூட்டிய விலையைக் குறைத்துப் பேச அது போதும்.

ஸ்பிரிட்டால் எல்லாவற்றையும் கண்டுபிடிக்க முடியாது. தகட்டை நசுக்கி, டிங்கரிங் செய்து, பட்டி வைத்துப் பெயின்ட் அடித்திருந்தால் அது துடைப்பில் தெரியாது. அதற்குச் சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றித் தகட்டில் வைத்துப் பார்க்கலாம். நல்ல தகட்டில் பிடிக்கும். கனமாகப் பட்டி வைத்த இடத்தில் பிடி தளரும். பிளாஸ்டிக், ஃபைபர் பாகங்களில் எப்படியும் பிடிக்காது என்பதை மறக்க வேண்டாம். ரப்பர் பீடிங்கிலும், வயர்களிலும் பெயின்ட் தெறித்திருக்கிறதா, போல்ட் தலையில் பெயின்ட் உடைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் இன்ஜின், கியர், ஹைட்ராலிக், டயர், பிறகு ஆவணங்கள். ஆர்.சி. புத்தகத்தில் இன்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். வண்டி மேல் கடன் இருந்தால், அதை நீக்குவதற்கான படிவம் 35-ம், கடன் கொடுத்த நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும் வேண்டும். பெயர் மாற்றத்துக்கு 29, 30 ஆகிய படிவங்கள் வேண்டும். பத்து வருடச் சேமிப்பைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது, பளபளப்புக்குக் கடைசி இடம்தான் கொடுக்க வேண்டும்.

டிரெய்லருக்கு ஸ்டிக்கர் ஒட்டும் முன்பு...

கரும்பு, நெல், வைக்கோல் ஏற்றிக்கொண்டு இருட்டில் ஊர்ந்துபோகும் டிரெய்லரைப் பின்னால் வருபவருக்குக் காட்டிக்கொடுப்பது ஒளிரும் ஸ்டிக்கர்தான். முன்பக்கம் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்பக்கம் சிவப்பு என்பது முறை. ஆனால், ஒட்டி மூன்று மாதத்தில் பாதி பிய்ந்து தொங்குவதைப் பல டிரெய்லர்களில் பார்க்கலாம். ஸ்டிக்கர் மட்டமானது என்று கடைக்காரரைத் திட்டுவோம். பல நேரங்களில் காரணம், டீசல் கையால் துடைத்த தகட்டின் மேல் அப்படியே ஒட்டியதுதான்.

இதற்குக் கலவை கொஞ்சம் வலுவாக இருக்க வேண்டும். 99 சதவிகித ஐ.பி.ஏ. என்றால் ஸ்பிரிட்டும் தண்ணீரும் சரிபாதி. 70 சதவிகிதம் என்றால் இரண்டு பங்கு ஸ்பிரிட்டுக்கு ஒரு பங்கு தண்ணீர். மண், கிரீஸ் எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவிட்டு, ஓரத்தில் சோதித்துவிட்டு, ஸ்டிக்கர் வரும் இடத்தை மட்டும் துடையுங்கள். முழுசாகக் காய்ந்த பிறகு ஒட்டி, துணியால் அழுத்தித் தேய்த்துவிடுங்கள். பெயின்ட் உரிந்து, துரு உதிரும் இடத்தில் எந்தத் துடைப்பும் பலன் தராது. துருவைச் சுரண்டி, பிரைமரும் பெயின்ட்டும் அடித்து, அது இறுகிய பிறகுதான் ஒட்ட வேண்டும்.

உயிரோடு விளையாட வேண்டாம்!

ஐ.பி.ஏ. சுமார் 12 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் ஆவியை விடும் திரவம். நம் ஊரில் மார்கழிக் குளிரில்கூட அது பற்றத் தயாராகவே இருக்கும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்துபோய் தூரத்தில் இருக்கும் நெருப்பைத் தொட்டுவிடும். அதனால் பீடி, சிகரெட், அடுப்பு, வெல்டிங், மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி ஆகியவற்றின் பக்கத்தில் வைத்துத் துடைக்கவோ, கலக்கவோ கூடாது. ஓடி நின்ற வண்டியின் சைலன்ஸர் பக்கம் தெளிக்கக் கூடாது. மூடிய ஷெட்டுக்குள் வேலை செய்தால் தலைசுற்றும். கதவைத் திறந்து வையுங்கள். கையுறை போட்டுக்கொள்வது நல்லது. கண்ணில் பட்டால், சுத்தமான தண்ணீரால் 15 நிமிடங்கள் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

கலவையைத் தண்ணீர் பாட்டிலிலும், குளிர்பான பாட்டிலிலும் ஒருபோதும் வைக்காதீர்கள். தெளிந்த தண்ணீர் மாதிரியே இருக்கும். வயலில் இருந்து தாகத்தோடு வருபவர் எடுத்துக் குடித்துவிடும் ஆபத்து இருக்கிறது. பூச்சிமருந்து தெளித்த பழைய பாட்டிலும் வேண்டாம். புதிய தெளிப்பானில் ஊற்றி, ‘வண்டி துடைக்கும் ஸ்பிரிட் - விஷம்’ என்று எழுதி ஒட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

லேபிள் இல்லாத கேனில் ‘ஸ்பிரிட்’ என்று சொல்லி யார் விற்றாலும் வாங்காதீர்கள். அதில் மெத்தனால் இருக்கலாம். 2023 மே மாதம் மரக்காணம் பகுதியிலும், 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியிலும் குடும்பங்களைச் சிதைத்தது இந்த மெத்தனால்தான். ஐ.பி.ஏ.வும் குடிக்கும் பொருள் இல்லை, விஷம்தான். யாராவது தெரியாமல் குடித்துவிட்டால், வாந்தி எடுக்க வைக்க முயற்சி செய்யாமல், உடனே 108-ஐ அழையுங்கள். குடித்த பாட்டிலையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். என்ன விஷம் என்று தெரிந்தால் சிகிச்சை எளிதாகும்.

கேள்வி - பதில்

கொரோனா காலத்தில் வாங்கிய சானிடைசர் மிச்சம் இருக்கிறது. அதைத் தண்ணீர் கலந்து பயன்படுத்தலாமா?

வேண்டாம். கை வறண்டு போகாமல் இருக்க சானிடைசரில் கிளிசரின் போன்ற பொருள்களைச் சேர்த்திருப்பார்கள். ஜெல் வகைகளில் கெட்டியாக்கும் பொருளும் இருக்கும். எண்ணெயை எடுத்துவிட்டு இன்னொரு பிசுக்கைப் பூசுவதுபோல ஆகிவிடும். சர்ஜிக்கல் ஸ்பிரிட்டிலும் சில தயாரிப்புகளில் விளக்கெண்ணெய் போன்றவை சேர்ந்திருக்கும். லேபிளில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் மட்டும் இருந்தால் சரி.

நாங்கள் வழக்கமாக டீசலில் துணியை நனைத்துத்தான் டிராக்டரைத் துடைக்கிறோம். அதுவும் மின்னத்தானே செய்கிறது?

மின்னும். அதுவும் எண்ணெய்ப் படலம் தரும் மினுமினுப்புதான். ஆனால், அந்தப் படலத்தில் வயல் தூசி எல்லாம் வந்து ஒட்டும். அடுத்த முறை துடைக்கும்போது அந்த மணலே கீறல் போடும். ரப்பர் பாகங்களும் டீசல் பட்டால் ஊறிக் கெடும். தின்னரால் துடைப்பது அதைவிட மோசம், பெயின்ட்டையே கரைத்துவிடும். சாதாரண அழுக்குக்கு, வாகனம் கழுவும் ஷாம்புவும் தண்ணீரும் போதும்.

புதிதாக பெயின்ட் அடித்த வண்டியைத் துடைக்கலாமா?

கூடாது. மேலே காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் உள்ளே இறுகுவதற்குப் பல வாரங்கள் ஆகும். அந்தச் சமயத்தில் ஸ்பிரிட் பட்டால் பூச்சு இளகிவிடும். பெயின்ட் அடித்தவரிடம் எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று கேட்டு, அதற்குப் பிறகும் ஓரத்தில் சோதித்துவிட்டே தொடுங்கள்.

லைட், ஸ்டிக்கர், கண்ணாடி இவற்றில் படலாமா?

முன்பக்கக் கண்ணாடிக்குப் பாதிப்பில்லை. பின்பக்க விளக்கின் சிவப்பு மூடிகள் பெரும்பாலும் அக்ரிலிக்கால் ஆனவை. ஸ்பிரிட் பட்டால் மயிரிழை விரிசல்கள் விழலாம். பானட்டில் இருக்கும் கம்பெனி ஸ்டிக்கரின் மை கரையலாம். இரண்டையும் தவிர்த்துவிடுங்கள்.

பழைய மெழுகை எடுக்க இது போதுமா?

15 சதவிகிதக் கலவை, பாலிஷ் எண்ணெயை எடுக்கத்தான். நன்றாகப் பிடித்த மெழுகையோ, சீலன்ட்டையோ முழுசாக எடுக்காது. தார், மரப் பிசினுக்கும் இது மருந்தில்லை.

அடுத்த முறை, மின்னுகிற ஒரு வண்டியின் முன்னால் நின்று விலை பேசும்போது, மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்துவிட்டு நிலம் வாங்குகிற நம் பழக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பச்சைப் பசேலென்று இருப்பதைப் பார்த்து மட்டும் யாரும் நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பதில்லை. வண்டிக்கும் அப்படித்தான். ஒரு சாண் இடத்தைத் துடைத்துப் பாருங்கள், பிறகு பணத்தை எண்ணுங்கள்.